ஆச்சியைக் கேளுங்க: வாரா வாரம் வர்ற வீட்டுக்காரருக்கு எதுக்கு விருந்து?

கேள்வி: ஆச்சி, நான் காரைக்குடியில ஒரு பைனான்ஸ் கம்பெனி கிளையில வேலை பாக்குறேன், சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு. வீட்டுக்காரருக்கு சென்னையில வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறி சனிக்கிழமை காலையில வந்து எறங்குவாரு, ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பக் கெளம்பிருவாரு. பழைய காலத்துப் பெரிய வீடு, மாமியா கூட இருக்காங்க, ரெண்டு பிள்ளைங்க. ஞாயித்துக்கிழமை விடிஞ்சா துணி, மாவு, வீடு தொடைக்கிறது, மத்தியானம் கறிக்கொழம்போட நாலு வகை, சாயந்தரம் அவரு கொண்டுபோக தேன்குழல், சீப்புச்சீடைன்னு ஓடிருது. அவரு பையத் தூக்குறப்பதான் இன்னிக்கு ஒரு வார்த்த உக்காந்து பேசலையேன்னு தோணுது. என்ன பண்றது?
- காரைக்குடி வாசகி

பதில்: உங்க கடுதாசியில எனக்கு மொதல்ல பட்டது இதுதாம்மா. சனிக்கிழமை பகல் பூரா அவரு வீட்லதான் இருக்காரு, நீங்கதான் ஆபீஸ்ல இருக்கீங்க. அப்புறம் துணியும் மாவும் ஏன் ஞாயித்துக்கிழமைக்கு வருது? அவர வீட்டு ஆளா பாக்காம வந்த விருந்தாளியா பாக்குறீங்க, அதுதான் காரணம்.

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் அந்தக் காலத்துல பர்மா, மலேயா, இலங்கைன்னு கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போனவங்க மூணு வருஷக் கணக்கு முடிச்சுதான் ஊருக்கு வருவாங்க, அதுவரைக்கும் அம்மாம் பெரிய வீட்டையும் பிள்ளைகளையும் நல்லது கெட்டதையும் ஆச்சிமாருதான் பாத்துக்கிட்டாங்க. அப்படி வந்தவருக்கு எல போட்டு விருந்து வச்சாங்கன்னா அது நியாயம். ஏழு நாளைக்கு ஒருக்கா வர்றவருக்கு எதுக்கும்மா விருந்து? அவரு வீட்டுக்கு வர்றாரு, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில தூங்கி எந்திரிச்சதும் மெஷின்ல துணியப் போட்டு காயப்போடுறது அவரு வேல. வீடு தொடைக்கிறதும் அவருதான். நம்ம பக்கத்துப் பழைய வீட்டுத் தரையில பதிச்சிருக்குற ஆத்தங்குடிக் கல்லு சிமெண்டும் மணலும் கலரும் சேத்து கண்ணாடி மேல வார்க்கிறது, அதுல ஆசிட் பட்டா சிமெண்ட அரிச்சிரும், அதனால கண்டதையும் ஊத்தவேணாம்னு மட்டும் சொல்லிவைங்க, வெறும் தண்ணி போதும், பொழங்கப் பொழங்க அதுக்கே மினுமினுப்பு வரும். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு எல்லாத்தையும் வாரா வாரம் தொடைக்கணும்னு யாரு சொன்னா? பொழங்குற எடத்த மட்டும் தொடைங்க, பூட்டிக் கெடக்குற அறையெல்லாம் விசேஷத்துக்குத் தொறந்தா போதும்.

சமையலுக்கு வருவோம். சனிக்கிழமை ராத்திரியே ஒரு பலகாய் மண்டி வச்சிருங்க. அரிசி களஞ்ச தண்ணியில புளியக் கரைச்சு வைக்கிறதுதானே, மறுநாள் இன்னும் ருசியா இருக்கும். ஞாயித்துக்கிழமை கறிக்கொழம்பு ஒண்ணு வச்சா வேல முடிஞ்சுது. பலகாரம் நம்ம ஊருல வீட்டுல செஞ்சு கிலோ கணக்குல விக்கிறவங்க எத்தனையோ பேரு இருக்காங்க, அவங்கிட்ட வாங்குங்க, அவங்களுக்கும் ஒரு வருமானம்.

மாமியா, "எம்மவன் என்னிக்கோ வர்றான், அவனப் போயி வேல வாங்குறதா"ன்னு சொல்லலாம். அதுக்கு நீங்க பதில் பேசாதீங்க, அவரே பேசட்டும். மகன் சொன்னா எடுபடும். அந்தக் காலத்துப் பெரியவங்களே கல்யாணமான மகன ஒரே வீட்டுக்குள்ள வேறு வச்சு, தனி அடுப்படி, வருஷத்துக்கு இவ்வளவு சாமான்னு குடுத்தாங்களே, ஒரு பொண்ணு தலையில மொத்த வீட்டையும் தூக்கி வைக்கக்கூடாதுங்குற நெனப்பும் அதுல இருந்துச்சுன்னுதான் எனக்குத் தோணுது.

சாயந்தரம் நாலு மணிக்கு மேல அடுப்படிப் பக்கமே போகாதீங்க. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு குன்றக்குடிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ நாலு பேருமா போயிட்டு வாங்க, எங்கயும் போக முடியலைன்னா திண்ணையில உக்காந்து பேசுங்க.

கேள்வி: எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் லீவு ஆச்சி. என்ன வேலன்னு சொன்னா செய்றேன்னுதான் வீட்ல சொல்றேன், அதுக்கே கோவிச்சுக்கிறாங்க. சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்?
- தேவகோட்டை வாசகர்

பதில்: தம்பி, அவங்க கோவம் நியாயமான கோவம். என்ன வேல இருக்குன்னு நெனச்சு நெனச்சு சொல்றதே ஒரு வேலதான், அது அவங்க தலையிலயே இருக்கு. 2024ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆம்பளைங்க 88 நிமிஷம் செலவழிக்கிறாங்கன்னு வந்துச்சு. அந்த 88ம் வேல செய்ற ஆம்பளைங்களோட சராசரிதான், செய்யாதவங்க அந்தக் கணக்குலயே வரல.

அதனால ஒரு வேலைய மொத்தமா எடுத்துக்கங்க. மாவுன்னா, அரிசி உளுந்து இருக்கான்னு பாக்குறது, ஊறவைக்கிறது, ஆட்டுறது, உப்புப் போட்டுக் கரைக்கிறது, கிரைண்டரக் கழுவிக் கவுக்குறது, பொங்கினதும் பிரிட்ஜுல எடுத்து வைக்கிறது வரைக்கும் உங்க பொறுப்பு. நடுவுல "உப்பு எவ்வளவு"ன்னு அவங்களக் கூப்பிடக்கூடாது, ஒருவாட்டி பக்கத்துல நின்னு பாத்துக் கத்துக்கங்க. அதே மாதிரி கேஸ் புக் பண்றது, பிள்ளைங்க யூனிபார்ம் அயர்ன் பண்றதுன்னு இன்னும் ஒண்ணோ ரெண்டோ. மாவு தீந்துபோச்சுன்னு அவங்க சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியணும்.

கேள்வி: ஞாயித்துக்கிழமை ஆனா கல்யாணம், அறுபதாங்கல்யாணச் சாந்தி, வீடு குடிபோறதுன்னு அழைப்பு வந்துருது. போகலைன்னா மொகம் கோணுவாங்க. பிள்ளைங்களுக்கு எங்க நேரம் ஒதுக்குறது?
- பள்ளத்தூர் வாசகி

பதில்: நெருங்குன சொந்தத்துல கல்யாணமும் சாந்தியும்னா குடும்பத்தோட போங்க, கேதம், சாவு வீடுன்னா கட்டாயம் போகணும். மத்ததுக்கெல்லாம் ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் போதும், ஒரு வாட்டி நீங்க, ஒரு வாட்டி அவரு. போகாதவங்க முந்துன நாளே போன் போட்டு நாலு வார்த்த நல்லா பேசிருங்க, மொய்யப் போறவரு கையில குடுத்து விடுங்க, ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டாங்க.