எடை நின்றுவிட்டது, உடம்பும் ஒத்துழைக்கவில்லை: கேள்வி பதில்

நான் பிசியோதெரபிஸ்ட். டாக்டர் இல்லை, அதனால் மருந்தைக் கூட்டுங்கள், குறையுங்கள் என்று சொல்லமாட்டேன். 17 வருடமாக மூட்டுத் தேய்மானம், முதுகுவலி, பக்கவாதம், சக்கர நாற்காலி என்று வருபவர்களோடுதான் வேலை. என் வலது முழங்காலிலும் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது, அதற்குப் பிறகு நான் ஓடியதில்லை. வந்த கேள்விகளில் முக்கால்வாசியின் சாரம் ஒன்றுதான்: கொஞ்ச நாள் இறங்கியது, இப்போது முள் அசையவில்லை, இதற்கு மேல் உடற்பயிற்சியைக் கூட்ட உடம்பு விடவில்லை.

மேடம், வயது 56. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஐந்து மாதத்தில் 92 கிலோவிலிருந்து 84க்கு வந்தேன். ஐந்து வாரமாக அதிலேயே நிற்கிறது. நடையை முக்கால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரமாக்கினேன். முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

அந்தக் கூடுதல் நடையை இன்றோடு நிறுத்துங்கள் அம்மா. சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்துவிட்டால், 84 கிலோ உடம்பு சாதாரண வேகத்தில் முக்கால் மணி நேரம் நடப்பதற்குக் கிடைப்பது சுமார் 145 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 இருக்கிறது. இதற்காக முழங்காலை வீங்க வைத்து, மிச்ச நாளெல்லாம் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தால், வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்து செலவாகியிருக்க வேண்டியதும் போய்விடும். கூட்டிக் கழித்தால் நஷ்டம்.

எடை ஏன் நின்றது? எட்டு கிலோ சுமை குறைந்த உடம்புக்கு எழ, நடக்க, மூச்சுவிடக்கூடச் செலவு குறைவு. அதற்கு மேலும் உடம்பு கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும். ஆரம்பத்தில் பற்றாக்குறையாக இருந்த அதே சாப்பாடு இப்போது சரிக்குச் சரியாகிவிட்டது. தராசு காட்டாத லாபம் ஒன்றும் உண்டு: அதிக எடையும் முழங்கால் தேய்மானமும் உள்ள முதியவர்களிடம் செய்து 2005ல் வெளியான ஆய்வில், உடம்பில் குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் பாரம் சுமார் நாலு கிலோ குறைந்தது. உங்கள் கணக்கில் அது அடிக்கு 32 கிலோ.

வீக்கம் வடியட்டும். பிறகு நடையைப் பதினைந்து நிமிடமாக மூன்று வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. இதைப் பத்தில் எட்டுப் பேர் தப்பாகச் செய்கிறார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பின்னால் நகரக் கூடாது. உயரம் போதாவிட்டால் அமுங்காத மெத்தை ஒன்று. இருக்கையின் முன்பாதிக்கு வந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரே வரும் வரை முன்னால் சாயுங்கள். அப்போதுதான் பாரம் முழங்காலிலிருந்து இடுப்புக்கும் பிட்டத்துக்கும் போகும். மூச்சை விட்டபடி எழுங்கள். உட்காரும்போது மனசுக்குள் நாலு எண்ணுங்கள், ‘தொப்’பென்று விழக் கூடாது. அந்த நாலு எண்ணிக்கையிலும் தசை வேலை செய்கிறது. ஐந்து தடவையில் ஆரம்பித்து, பன்னிரண்டு சுலபமானதும் மெத்தையை எடுத்துவிடுங்கள்.

வலிக்கு ஒரு அளவுகோல்: பத்துக்கு மூன்று வரை கவலையில்லை, ஐந்தைத் தாண்டினால் குறையுங்கள். எவ்வளவு வலித்தாலும் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். நீச்சல் குளத்துக்குப் போக வழியிருந்தால், இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே காலில் இறங்கும் பாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

நான் 1200 கலோரிதான் சாப்பிடுகிறேன், சத்தியமாக. என் மெட்டபாலிசம் செத்துவிட்டதா?

சாகாது. குறையும், அவ்வளவுதான். 1944–45ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்களை மாதக்கணக்கில் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் உடம்பும் செலவைச் சுருக்கியது, ஆனாலும் எடை இறங்கியது.

நீங்கள் பொய் சொல்வதாகச் சொல்லவில்லை. 1992ல் வெளியான ஓர் ஆய்வில், ‘எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை’ என்றவர்களின் உண்மையான செலவை அளந்தார்கள். சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் கணக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்காக அவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. நானே ஒரு வாரம் சமையலறைத் தராசு வைத்துப் பார்த்தேன். என் ‘ஒரு ஸ்பூன்’ எண்ணெய் இரண்டே கால் ஸ்பூன்! பாத்திரத்தின் அடியில் மிச்சமிருப்பதை வழித்துச் சாப்பிடுவதை நான் எழுதியதே இல்லை.

ஏழு நாள், எடை போட்டு எழுதுங்கள். நிஜமாகவே 1200தான் என்றால் அதற்குக் கீழே இறங்காதீர்கள். தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச் பரிசோதனை செய்து, மருந்துச் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

வாட்ச் 600 கலோரி எரித்ததாகக் காட்டுகிறது. அந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடலாமா?

வேண்டாம். 2017ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்லது சராசரியாக 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். நாடித்துடிப்பை மட்டும் பெரும்பாலும் ஓரளவு ஒழுங்காகக் காட்டின.

அக்கா, வயது 34. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு (டி5, அதாவது மேலிருந்து எண்ணினால் நெஞ்சுப் பகுதியின் ஐந்தாவது முள்ளெலும்பு மட்டத்தில்) சக்கர நாற்காலியில் இருக்கிறேன். தினமும் 40 நிமிடம் கையால் சுற்றும் சைக்கிள். மூன்று மாதமாக எடை நின்றுவிட்டது, தோள் வேறு வலிக்கிறது.

தம்பி, இணையத்தில் கிடைக்கும் கலோரிக் கணிப்பான் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அது கால் தசையும் சேர்ந்து இயங்கும் உடம்புக்கான கணக்கு. உங்களுக்கு ஓய்வுச் செலவே குறைவு, அதனால் அது காட்டுவதைவிடக் குறைவாகத்தான் தேவைப்படும். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐயும் உங்கள் கொழுப்பைக் குறைத்தே காட்டும். படுத்தபடி இடுப்புச் சுற்றளவை அளந்து, அதையே நம்புங்கள்.

தோளைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும் தோளால்தான், சக்கரம் தள்ளுவதும் தோளால்தான். அந்தத் தோள் போனால் எடையை விடுங்கள், அன்றாடமே நின்றுவிடும். நாள் முழுக்க முன்னால் தள்ளுகிறீர்கள், எனவே பயிற்சியில் பின்னால் இழுங்கள். கதவுக் கைப்பிடியில் ரப்பர் பேண்டை மாட்டி, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நெருங்கும்படி, தள்ளும் பயிற்சி ஒன்றுக்கு இழுப்பு இரண்டு. சைக்கிளைத் தினமும் 40 நிமிடம் சுற்றாமல் வாரம் மூன்று நாள் 20 நிமிடமாக்குங்கள்: ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம்.

டி6க்கு மேலே அடிபட்டவர்களுக்கு நாடித்துடிப்பு மற்றவர்களைப் போல ஏறாது, அந்த எண்ணைத் துரத்தாதீர்கள். பயிற்சியின் நடுவே திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து வியர்த்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, இறுக்கமானதைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பிரஷர் மாத்திரை (பீட்டா பிளாக்கர்) சாப்பிடுகிறேன். எவ்வளவு முயன்றாலும் நாடி 100ஐத் தாண்டவில்லை. பயிற்சி போதவில்லையா?

நாடியை ஏறவிடாமல் மாத்திரை தன் வேலையைச் செய்கிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த மூச்சு வாங்கல்தான் உங்கள் அளவு.

மாத்திரையாலேயே எடை நிற்குமா?

நிற்கும், ஏறவும் செய்யும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள், இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபாலின், மனநல மருந்துகளில் ஒலன்சாபின், மிர்டாசாபின். இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ‘இதற்கு மாற்று உண்டா?’ என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

முதுகுவலிக்காரன். உங்களைப் போன்ற ஒருவர் சொல்லித்தான் எடை தூக்கும் பயிற்சி ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் ஒன்றரை கிலோ கூடிவிட்டது!

அது தண்ணீர். புதிதாக வேலை கொடுத்த தசை கிளைகோஜனை (சர்க்கரையின் சேமிப்பு வடிவம்) சேமிக்கும், ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். ஒரு கிலோ கொழுப்பு ஏற 7,700 கலோரி மிஞ்ச வேண்டும், இரண்டு வாரத்தில் அப்படிச் சாப்பிட்டிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். இன்னும் மூன்று வாரம் பொறுங்கள். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். ஆனால் சில நாளிலேயே இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டினால் அது வேறு கதை, இதயத்தைப் பார்க்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. பி.எம்.ஐ எப்படிப் போடுவது?

செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு எடை பாருங்கள். இழந்த பகுதி உடல் எடையில் சுமார் 6 சதவீதம், அதனால் வரும் எண்ணை 0.94ஆல் வகுங்கள். 75 கிலோ காட்டினால் கணக்குக்கு ஏறக்குறைய 80.

வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு, அரை மணி நேரம் பயிற்சி செய்தால் மறுநாளிலிருந்து இரண்டு நாள் எழ முடியவில்லை. விடாமல் செய்தால் பழகிவிடுமா?

விடாமல் செய்யவே கூடாது. உழைப்புக்கு மறுநாள் விழுந்துவிடும் இந்தச் சோர்வைப் படிப்படியாகக் கூட்டிப் பழக்க முடியாது, பலருக்கு மோசமாகிறது. இந்த வகை நாள்பட்ட சோர்வு நோய்க்குப் பயிற்சியைத் திட்டமிட்டுக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையைப் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2021லேயே தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கிவிட்டது. எடையை இப்போதைக்குச் சாப்பாட்டில் மட்டும் பார்த்துக்கொண்டு, டாக்டரிடம் இந்த ‘மறுநாள்’ விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள்.

எட்டு மாதமாக வாயைக் கட்டிச் சலித்துவிட்டது. அடுத்த மாதம் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் வேறு. கொஞ்ச நாள் விட்டால் எல்லாம் போய்விடுமா?

போகாது. எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் அளவுக்கு, ஒரு நாளைக்கு 200, 300 கலோரி கூட்டிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கூட்டுவதில் பாதியாவது புரதமாக இருக்கட்டும்: முட்டை, மீன், பருப்பு, தயிர், எது ஒத்துக்கொள்கிறதோ அது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். புண் ஆறவும், படுக்கையில் தசை கரையாமல் இருக்கவும் அது தேவை. ஆபரேஷனுக்கு முன் இன்னும் எடை குறைய வேண்டுமா என்பதை உங்கள் அறுவை நிபுணர் சொல்லட்டும். அவர் கேட்கவில்லை என்றால் தையல் ஆறி, கைத்தடி இல்லாமல் நடக்கும் வரை தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.