மலிவான வெல்டிங் தலைக்கவசம் போதுமா?

தம்பி, நிலாவெளி வீட்டு முற்றத்தில் வாசல் கேட்டுக்குச் சட்டம் வெல்டிங் செய்து ஒட்டுவதாகவும், இரண்டு சென்சார் (வெல்டிங் ஒளியை உணரும் கண்) உள்ள தானாகக் கறுக்கும் தலைக்கவசம் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது. நான்கு சென்சார் உள்ளதையே வாங்குங்கள். சட்டத்தின் மூலைக்குள் குனிந்து ஒட்டும்போது குறுக்கே நிற்கும் ஒரு குழாயே இரண்டு சென்சார்களையும் மறைத்துவிடும். அந்த நொடியில் கண்ணாடி வெளுத்து, ஒளி நேரே கண்ணில் அடிக்கும். தரமான கண்ணாடி வெளுத்திருந்தாலும் புறஊதாக் கதிரைத் தடுக்கும்தான், ஆனால் தரமானதாக இருக்க வேண்டுமே! பெட்டியை நம்பாதீர்கள், கண்ணாடியிலேயே ஈஎன் 379 என்ற ஐரோப்பியத் தர எண்ணோ, அதற்குப் பதிலாக வந்த 16321 என்ற எண்ணோ பொறித்திருக்கிறதா பாருங்கள்.

இருள் அளவு 9 முதல் 13 வரை மாற்றக்கூடியதாக இருக்கட்டும். உங்கள் 2.5 மில்லிமீட்டர் வெல்டிங் கம்பிக்கு 10இல் தொடங்கலாம்.

திறந்த முற்றம் என்பதால் சென்சாரின் உணர்திறனைக் குறைக்கும் குமிழ் கட்டாயம் தேவை. அது இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலுக்கே கண்ணாடி கறுத்துவிடும், கம்பியை எங்கே வைப்பதென்றே தெரியாது. பட்டரி கழற்றி மாற்றக்கூடியதா என்பதையும் பாருங்கள். கடற்காற்று அதன் தொடுமுனைகளை அரிக்கும், அவ்வப்போது துடைக்க வேண்டும்.

கண்ணாடியை மூடியிருக்கும் வெளிப்புற உறைத்தகடு உதிரியாகத் திருகோணமலையிலேயே கிடைக்குமா என்று வாங்குமுன் கேளுங்கள். பொறி தெறித்து முதலில் கெடுவது அதுதான்.