பூக்காத புல்தரைக்கு உரம் இடலாமா?

வணக்கம். இங்கிலாந்தில் உள்ள தங்கள் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு ஆண்டுகளாகப் புல்லை வெட்டாமல் விட்டும், ஜூன் மாதத்தில் காட்டுப் பூக்களோ வண்ணத்துப்பூச்சிகளோ வரவில்லை என்றும், உரமிட்டால் சரியாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உரம் வேண்டவே வேண்டாம். வளம் மிகுந்த மண்ணில் முரட்டுப் புற்களே ஓங்கி வளர்ந்து பூச்செடிகளை நெருக்கிவிடும் என்பதால், மண்ணின் செழுமையே தங்கள் சிக்கலுக்குக் காரணமாக இருக்கக்கூடும். எருவிட்டே பழகிய நமக்கு இது சற்று விந்தையாகத்தான் தோன்றும்.

ஆகஸ்டில் புல்லை வெட்டி, விதைகள் உதிரும்படி சில நாள்கள் காயவிட்டு, பின்னர் ஒன்றுவிடாமல் வாரி அகற்றுங்கள். இலையுதிர் காலத்தில், பாதி இடத்திலாவது மண் தெரியும்படி நன்றாகக் கீறிவிட்டு, 'எல்லோ ராட்டில்' விதையைத் தூவுங்கள். புல்லின் வேர்களைப் பற்றி உறிஞ்சி அதன் வீரியத்தைக் குறைக்கும் இந்த ஓராண்டுச் செடியின் விதை, குளிர்காலத்தைக் கடந்த பின்பே முளைக்கும். பழைய விதை பெரும்பாலும் முளைக்காது என்பதால், அந்த ஆண்டில் சேகரித்ததையே கேட்டு வாங்குங்கள். அதன் மஞ்சள் பூக்களைப் பம்பிள் தேனீக்கள் நாடி வரும். 'பேர்ட்ஸ்ஃபுட் டிரெஃபாயில்' செடியையும் நட்டால், அதன் இலையைத் தின்று வளரும் 'காமன் புளூ' வண்ணத்துப்பூச்சியை எதிர்பார்க்கலாம். காய்ந்த தண்டுகளில் பூச்சிகள் குளிர்காலத்தைக் கழிப்பதால், ஓரத்தில் ஒரு பகுதியை மட்டும் வெட்டாமல் விடுங்கள்.