ஜப்பானில் சுருங்கிவரும் ஒரு மீனவ ஊர் உண்மையில் எப்படி இயங்குகிறது?

கேள்வி: ஜப்பானின் கடலோர மீனவ ஊர்கள் காலியாகி வருகின்றன என்கிறார்கள். அப்படி ஒரு ஊரின் தொழில் எப்படி நடக்கிறது, ஏன் ஆள் குறைகிறது?

பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. ஒரே ஊரை எடுத்துக்கொள்வோம்: தாங்கோ தீபகற்பத்தின் நுனிப் பக்கம், ஜப்பான் கடலைத் தொட்டு இருக்கும் இனே. நிர்வாகப்படி இது கியோட்டோ மாநிலம்தான். ஆனால் கோயில்கள் நிறைந்த கியோட்டோ நகரத்திலிருந்து ரயிலும் பேருந்துமாக மூன்று மணி நேரமாவது ஆகும். நான்கு ஊர்களைச் சேர்த்து 1954-ல் இந்தச் சிற்றூராட்சியை உருவாக்கினார்கள். 2005-ல் மக்கள்தொகை 2,700-ஐ ஒட்டி இருந்தது. 2020 கணக்கெடுப்பில் 2,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. ஏறக்குறைய பாதிப்பேர் 65 வயதைக் கடந்தவர்கள்.

மீன் தீர்ந்துபோனதால் ஊர் காலியாகிறது என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஜப்பானின் மொத்த மீன் உற்பத்தி 1984-ல் உச்சத்தைத் தொட்டு அதன்பின் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது உண்மைதான். ஆனால் இனேயின் சிக்கல் வேறு. இங்கே முக்கியமான வேலை எதையும் தனி ஆளாகச் செய்ய முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது இத்தனை பேர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குக் கீழே போனால் கடலில் மீன் இருந்தும் பயனில்லை.

முதலில் ஊரின் அமைப்பு. இனே வளைகுடாவின் கரை சுமார் 5 கிலோமீட்டர் சுற்றளவு. அதை ஒட்டி ஃபுனயா என்ற படகு வீடுகள் 230 போல நிற்கின்றன. கீழ்த்தளத்துக்குள் கடல்நீரே வந்து போகும். இப்படி வேறெங்கும் கட்டினால் முதல் புயலிலேயே அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே நிற்கக் காரணங்கள் உண்டு. ஜப்பான் கடலைப் பெருங்கடலோடு இணைக்கும் நீரிணைகள் குறுகலானவை, ஆழமும் குறைவு. அதனால் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகச் சிறியது. இனேயில் ஆண்டு முழுவதும் பார்த்தாலும் அரை மீட்டர் அளவுதான். குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து கடுங்காற்று வீசும். வளைகுடாவின் வாயோ தெற்கு நோக்கித் திறந்திருக்கிறது, மலை முதுகைக் கொடுத்து அந்தக் காற்றைத் தடுக்கிறது. வாயின் நடுவே அவோஷிமா தீவு அலைதடுப்புச் சுவர் போல உட்கார்ந்திருக்கிறது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்த ஊர் இப்படி உருவாகியிருக்காது.

ஃபுனயாவின் கூரை முக்கோணம் கடலைப் பார்த்து இருக்கும். கீழே கடலுக்குள் சரியும் தளம். அதில் மரப்படகை இழுத்து ஏற்றுவார்கள். மரப்படகை எந்நேரமும் நீரில் விட்டால் உளுத்துவிடும், மரம் துளைக்கும் புழுவும் ஏறும். உலர்த்த ஓர் இடம் கட்டாயம் வேண்டும். மேலே வலையும் கருவிகளும். பழைய ஃபுனயாக்களில் அடிமரத்துக்கும் தூணுக்கும் ஷீ என்ற கெட்டி மரம், உத்திரத்துக்குப் பைன். முன்பு வைக்கோல் வேய்ந்த சிறு கொட்டகைகளாக இருந்தவைதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1950 வரை புரி என்ற பாரைக் குடும்பத்து மீன் அள்ளிக் கொடுத்த காசில் இரண்டடுக்கு ஓட்டு வீடுகளாக மாறின. குடும்பம் வசிக்கும் பெரிய வீடு மலைப்பக்கம் இருக்கும், இரண்டுக்கும் நடுவே முற்றம். 1930-களில் ஊர்ச் சாலை போட்டபோது அந்த முற்றத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள், ஃபுனயாக்கள் கடல் பக்கம் நகர்ந்தன. இன்று பெரிய வீட்டுக்கும் ஃபுனயாவுக்கும் நடுவே கார் ஓடுவது இதனால்தான்.

பிறகு ஃபைபர் படகு வந்தது. அகலமும் உயரமும் கூடிய படகு ஃபுனயாவுக்குள் நுழையாது; ஃபைபருக்கு உலர்த்தவும் தேவையில்லை. படகை வெளியே கட்டிவிட்டு, பலர் கீழ்த்தளத்தை வலைக்கிடங்காகவும் மீன் கழுவும் இடமாகவும் வைத்திருக்கிறார்கள்.  ஆட்கள் குறைந்ததோடு கட்டடமும் தன் பழைய வேலையை இழந்தது. அரசு 2005-ல் வளைகுடா நீர்ப்பரப்பு, தீவு, பின்னணிக் காடு எல்லாம் சேர்த்து சுமார் 310 ஹெக்டேரை மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அன்றிலிருந்து வெளித்தோற்றத்தை மாற்ற அனுமதி வேண்டும். பழுதுபார்ப்புக்கு மானியமும் உண்டு. நீர் ஏறி இறங்கும் மட்டத்தில் தூணின் அடி இற்றுப்போவதும், உப்புக்காற்றில் ஆணி துருப்பிடிப்பதும் ஓயாத செலவு. மானியம் அதில் ஒரு பகுதியைத்தான் சுமக்கும்.

இப்போது தொழில். இனேயின் முதுகெலும்பு நிலைவலை, அதாவது கடலில் நங்கூரமும் மிதவையும் போட்டு நிரந்தரமாகக் கட்டிவிடும் பெருவலை. அது வேலை செய்யும் விதம் எளிது. கரைப்பக்கமிருந்து ஆழம் நோக்கி வேலி போல நீண்ட ஒரு வலை போகும். கரையோரம் வரும் மீன் கூட்டம் அதில் முட்டினால் ஆழமான பக்கம் திரும்பும். அங்கே அகன்ற ஒரு முற்றம். முற்றத்தில் சுற்றும் மீன் சரிவாக ஏறும் வலையின் வழியே பெட்டி போன்ற கடைசி அறைக்குள் இறங்கும். உள்ளே வருவது சுலபம், வழி தேடித் திரும்புவது கடினம். ஆனாலும் நுழைந்த மீனில் பெரும்பங்கு வெளியேறிவிடும். அதனால்தான் இந்த முறையைக் கடலைச் சுரண்டாத முறை என்கிறார்கள்.

விடியலுக்கு முன் படகுகள் போய்ப் பெட்டியைச் சுற்றி நிற்கும். எல்லாரும் ஒரே வேகத்தில் வலையை இழுத்து, மீனை ஒரு மூலைக்கு ஒதுக்கி, பெரிய கைவலையால் அள்ளி ஐஸ் கலந்த கடல்நீரில் போடுவார்கள். ஒரு பக்கம் முந்தினால் வலை மடிந்து மீன் தப்பும், அல்லது நசுங்கும். கப்பி இயந்திரம் வந்து சுமை குறைந்திருக்கிறது. பத்துக்கும் மேற்பட்ட கைகள் இன்னும் தேவை. நல்ல விலை கிடைக்க வேண்டிய புரியை உயிரோடு எடுத்து மூளையில் குத்தி, ரத்தம் வடித்து, உடனே குளிரூட்ட வேண்டும். துடித்துச் செத்தால் சதை சூடாகித் தரம் இறங்கும். புரிக்குக் குளிர்காலத்தில்தான் கொழுப்பேறும். கார்த்திகை, மார்கழி வாக்கில் இடி இடித்தால் புரி வரப்போகிறது என்பது அந்தக் கடற்கரையின் நம்பிக்கை.

நட்டம் வரும் வழிகள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, புயல் கடந்த ஓரிரு நாளில், இனே இருக்கும் வகாசா வளைகுடாப் பக்கம் திடீரெனப் பாயும் கரையோர நீரோட்டம். அதற்குள் காற்று அடங்கி, கடல் பார்க்க அமைதியாக இருக்கும். அடியிலோ வேகம் கூடி, நங்கூரக் கயிறுகளை அறுத்து வலையையே சுருட்டிவிடும். பெரிய வலை ஒன்று போனால் போட்ட பெருந்தொகையும் போகும், மீண்டும் கட்டி முடிக்கும் வரை வருமானமும் இல்லை. அதனால் முன்னறிவிப்பு பார்த்து, தாங்கக்கூடிய பகுதியை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றிக் கரையேற்றுவார்கள். இதற்கும் ஆள் வேண்டும், அதுவும் ஒரே நாளில். இரண்டாவது, பெருஞ்சொறி மீன், அதாவது ராட்சத ஜெல்லி மீன். குடை 2 மீட்டர் வரை விரியும், எடை 200 கிலோவை நெருங்கும். 2002, 2005, 2009 ஆண்டுகளில் ஜப்பான் கடலோரம் முழுக்கப் படையெடுத்தது. வலைக்குள் நூற்றுக்கணக்கில் புகுந்தால் பாரத்தில் வலை கிழியும், மீன் நசுங்கும், ஒவ்வொன்றாக வெட்டி வெளியேற்றவே காலை கழிந்துவிடும்.

மற்ற வரும்படி: வளைகுடாவுக்குள் நீலத்துடுப்புச் சூரை, பாறைச் சிப்பி வளர்ப்பு. வீட்டுக் குழம்புக்கு, ஃபுனயா வாசலிலேயே மொந்தோரி என்ற கூண்டில் மீன் கழிவை இரையாக வைத்து இறக்கிவிடுவார்கள். படகு திரும்பும் காலை நேரத்தில் ஊர்க்காரர்கள் வாளியோடு துறைக்கு வந்து நேரடியாக வாங்குவதும் நடக்கிறது.

சரி, ஆள் ஏன் குறைகிறது? மேல்நிலைப் படிப்புக்குப் பிள்ளைகள் பக்கத்து நகரமான மியாசு பக்கம் போகிறார்கள். கடல்சார் மேல்நிலைப் பள்ளிகூட அங்கேதான். அதன்பின் நகரம். ஜப்பான் முழுவதும் மீன்பிடித் தொழிலாளர் 2018-ல் சுமார் 1,52,000. 2023-ல் சுமார் 1,21,000. ஐந்தே ஆண்டில் ஐந்தில் ஒருவர் இல்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டமும் இந்தச் சரிவைக் கணக்கில் காட்டிவிடும். முழு உறுப்பினராக இருக்க ஆண்டுக்கு 90 முதல் 120 நாள் வரை, அந்தந்தச் சங்கம் வகுத்த அளவுக்கு மேல், கடலில் தொழில் செய்ய வேண்டும். முதியவர் நாள் குறைந்தால் துணை உறுப்பினர் ஆகிவிடுவார், வாக்குரிமை போய்விடும். முழு உறுப்பினர் 20 பேருக்குக் கீழே போனால் சங்கமே கலைந்துவிடும். சின்னச் சங்கங்கள் ஒன்றோடொன்று இணைந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

வீடு காலியாக இருக்கிறதே, வெளியூர்க்காரர் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். மலைப்பக்க வீடும் ஃபுனயாவும் ஒரே குடும்பச் சொத்து. உள்ளே முன்னோர் வழிபாட்டு மாடம் இருக்கும். நகரத்தில் இருக்கும் வாரிசு திருவிழாவுக்கும் முன்னோர் நாளுக்கும் வருவார்; விற்கவும் மனமில்லை, பராமரிக்கவும் நேரமில்லை. அதனால் காலி வீடு நிறைய இருந்தும் குடியேற வீடு கிடைப்பதில்லை.

பல ஃபுனயாக்கள் ஒரு நாளைக்கு ஒரே குழுவுக்கு வாடகை விடும் விடுதிகளாகிவிட்டன. கட்டடத்தைக் காப்பாற்ற இது நல்ல வழி. வலை இழுக்க ஆள் தராது, அவ்வளவுதான். அதற்கு உருப்படியான வழி வேறு: நிலைவலை நடத்துவோர் மாதச் சம்பளத்துக்கு வெளியூர் இளைஞர்களை எடுக்கிறார்கள், கியோட்டோ மாநிலம் 2015-ல் ஒரு மீனவர் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கியது. சொந்தப் படகோ கடனோ இல்லாமல் தொழில் கற்க நிலைவலைதான் வசதி. தனியாகத் தூண்டில் போடப் போகிறவருக்குப் படகு ஓட்டுநர் உரிமம், சங்க உறுப்பினர் தகுதி, படகைக் கட்டி நிறுத்த இடம் மூன்றும் வேண்டும். மூன்றில் கடைசியானதுதான் கடினம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: மியாசு பக்கமுள்ள அமானோஹாஷிதாதே ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். காரில் போனால் நிறுத்த இடம் அரிது, சாலையும் குறுகல். திறந்து கிடக்கும் ஃபுனயாவுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். அது ஒருவர் வீட்டின் கீழ்த்தளம். கடல் பக்கத்திலிருந்து பார்க்கச் சுற்றுலாப் படகு அரை மணிக்குள் வளைகுடாவைச் சுற்றிக் காட்டும். இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள், கடைகள் சீக்கிரம் மூடிவிடும்.