சிவப்பு விளக்கில் அணையும் இன்ஜின்: பெட்ரோல் பம்ப்பில் கை வைக்கும் முன்

கேள்வி: என் கார் 2010இல் பதிவானது. 1.5 லிட்டர் ஜப்பானிய செடான், ஆட்டோ கியர், 160,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 2020இல் சிஓஇயை (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) பத்தாண்டுக்குப் புதுப்பித்தேன். போன மாதம் பேட்டரி மாற்றியதிலிருந்து, பிரேக் பிடித்துச் சிவப்பு விளக்கில் நிற்கப்போகும்போது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை) 400க்கு இறங்குகிறது, சில சமயம் இன்ஜினே அணைந்துவிடுகிறது. ஏர்கான் போட்டிருந்தால் இன்னும் மோசம். இன்ஜின் விளக்கு எரியவில்லை. வொர்க்‌ஷாப்பில் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார்கள், பலனில்லை. இப்போது டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப் என்கிறார்கள், 450 வெள்ளியாம். மாற்றலாமா? (சிங்கப்பூர், உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பம்ப் தளர்ந்தால் பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் முதலில் தெரியும். விரைவுச்சாலையில் நுழையும்போது அழுத்தி மிதித்தால் வண்டி இழுக்காது, மேம்பாலம் ஏறும்போது திணறும். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் (இதைத்தான் ஐட்லிங் என்பார்கள்) குடிப்பது மிகக் கொஞ்சம். ஓட்டத்தில் நன்றாக இழுத்து, நிற்கும்போது மட்டும் அணைகிறது என்றால் முதலில் காற்று வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

உங்கள் கேள்வியிலேயே பெரிய துப்பு ஒன்று இருக்கிறது: பேட்டரி மாற்றிய பிறகுதான் இது தொடங்கியிருக்கிறது.

இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குள் வட்டமான தகடு ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது அது கிட்டத்தட்ட மூடியிருக்கும். ஓரத்தில் விடப்பட்ட மெல்லிய இடைவெளி வழியாக, அல்லது ஐட்லிங் வால்வு இருக்கும் பழைய அமைப்பில் அதன் வழியாக, வரும் காற்றில்தான் ஐட்லிங் நடக்கிறது. இன்ஜினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவியும் கரியும் பல ஆண்டுகளாக அந்த ஓரத்தில் படிந்து இடைவெளியை அடைக்கின்றன. இன்ஜின் கணினி அதைக் கவனித்து, தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து ஈடுகட்டுகிறது. அதனால் ஓட்டுபவருக்கு எதுவும் தெரிவதில்லை. பேட்டரியைக் கழற்றியதும் அந்த நினைவு பல கார்களில் அழிந்துவிடும். தகடு புது கார் அளவுக்கே திறக்கிறது, கரியோ அப்படியே இருக்கிறது. காற்று போதாமல் ஆர்பிஎம் விழுகிறது. அதோடு ஏர்கான் கம்ப்ரசரும் பாரம் ஏற்றினால் இன்ஜின் தாங்காது. நம் ஊரில் ஏர்கானை அணைத்துவிட்டு யாரும் ஓட்டுவதில்லை, அதனால் இந்தக் கோளாறு இங்கே உடனே வெளிப்பட்டுவிடும்.

ஆகவே முதல் வேலை த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வது. சாவியை எடுத்துவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். தகட்டின் விளிம்பிலும் அதற்குப் பின்னாலும் கரும்பழுப்பு வளையம் தெரியும். விரல் நுனியில் பிசுபிசுவென ஒட்டினால் சந்தேகமே வேண்டாம். த்ராட்டில் பாடி கிளீனரைப் பஞ்சு உதிராத துணியில் அடித்துத் துடையுங்கள், உள்ளே நேராகப் பீய்ச்ச வேண்டாம். மின்மோட்டார் இயக்கும் தகடாக இருந்தால் விரலாலோ திருப்புளியாலோ தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் கெடலாம். கார்புரேட்டர் கிளீனரும் வேண்டாம். சில த்ராட்டில் பாடிகளின் உட்பூச்சை அது கரைத்துவிடும். குழாய் கழன்றிருக்கும்போதே அதை வளைத்து, மடிப்புகளுக்கு நடுவே பாருங்கள். நம் வெப்பத்தில் பத்தாண்டைத் தாண்டிய ரப்பர் அங்கேதான் வெடிக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, வளைத்தால்தான் வாய் திறக்கும்.

துடைத்ததோடு வேலை முடியாது, கணினி ஐட்லிங்கை மறுபடி கற்க வேண்டும். முறை காருக்குக் கார் மாறும். பொதுவாக, எல்லா மின்பாரத்தையும் அணைத்து, இன்ஜின் சூடாகி ரேடியேட்டர் விசிறி ஒருமுறை சுற்றி நிற்கும்வரை கியரை ‘பி’யில் (பார்க்) வைத்து ஓடவிட வேண்டும். பிறகு ஏர்கான் போட்டு ஐந்து நிமிடம், கடைசியாக பிரேக்கை மிதித்தபடி ‘டி’யில் (டிரைவ்) ஐந்து நிமிடம். சில மாடல்களுக்கு ஸ்கேனர் வழியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் இதைச் செய்யாதீர்கள். போக்குவரத்துக் காரணமின்றி, நிற்கும் வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம், தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கும். நிலத்தடி நிறுத்துமிடம் என்றால் கார்பன் மோனாக்சைடு தேங்கும் ஆபத்தும் உண்டு. வொர்க்‌ஷாப்பிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சரியாகிவிட்டால் சூடான இன்ஜின் நியூட்ரலில் 650 முதல் 750க்குள் ஆடாமல் நிற்கும். அப்போதும் அணைந்தால் அடுத்த சந்தேகம் கணக்கில் வராத காற்று, அதாவது ஏதோ ஒரு கசிவு வழியாக உள்ளே நுழையும் காற்று. ‘பி’யில் ஓடவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். மிதிக்கும்போது ‘உஸ்’ என்ற சத்தமோ ஆர்பிஎம்மில் ஆட்டமோ இருந்தால் பிரேக் மிதிக்கு உதவி தரும் பூஸ்டரின் சவ்வு அல்லது அதன் குழாய் கசிகிறது. பிரேக் பிடிக்கும்போது அணைகிறது என்று எழுதியிருப்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். மற்ற குழாய்களில் கசிவு தேட சோப்புத் தண்ணீர் போதும். தீப்பிடிக்கும் ஸ்பிரேயைச் சூடான எக்சாஸ்ட் பக்கத்தில் அடிப்பவர்களைத் தடுத்துவிடுங்கள்.

யூகத்தைக் குறைப்பது கார் கணினியில் உள்ளதைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர். விளக்கு எரியாவிட்டாலும் காத்திருப்பில் உள்ள பிழைக்குறி கிடைக்கலாம். அதைவிட முக்கியம் ஃபியூவல் டிரிம், அதாவது கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எண். குறுகிய கால, நீண்ட கால எண்களைக் கூட்டினால் பத்து விழுக்காட்டுக்கு மேலோ கீழோ போகக்கூடாது. ஐட்லிங்கில் +20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியத்தை நெருங்கினால் காற்றுக் கசிவு. ஐட்லிங்கில் சாதாரணமாக இருந்து, வேகம் கூடக்கூட ஏறினால்தான் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றை அளக்கும் சென்சார் அழுக்கு என்று அர்த்தம். பெரிய மைனஸ் என்றால் பெட்ரோல் அதிகம் சேர்கிறது.

பெட்ரோல் நிரப்பிய கையோடு மட்டும் தடுமாறினால், பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வைப் பாருங்கள். ஜோகூருக்குப் போய் 97 ரக பெட்ரோல் போடுபவர்களில் பலர் ‘கிளிக்’ சத்தம் கேட்ட பிறகும் வாய்வரை நிரப்புகிறார்கள். அந்தப் பெட்ரோல் ஆவி பிடிக்கும் கரிப்பெட்டியில் இறங்கி, வால்வு வழியாக இன்ஜினுக்குள் வரும்.

பிளக் மாற்றியாயிற்று, அதற்கு மின்சாரம் தரும் காயில் மாற்றவில்லை. ஸ்கேனரில் ‘பி 0301’ (முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்ற பிழைக்குறி) வந்தால் முதல் சிலிண்டர் காயிலை மூன்றாவதுக்கு மாற்றிப் போடுங்கள். குறி ‘பி 0303’ ஆனால் காயில்தான் குற்றவாளி. பிளக் குழியில் எண்ணெய் நின்றால் வால்வு கவர் சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

ஓடும்போதே ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்து, அரை மணி நேரம் ஆறிய பின் ஒன்றுமே நடக்காததுபோல இன்ஜின் கிளம்பினால் அது இன்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சார். நீங்கள் சொல்லும் அறிகுறி அது இல்லை. முள் அசையாமல் நின்று, ‘டி’யில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர். அதற்கும் அணைவதற்கும் தொடர்பு கிடையாது.

பத்தாண்டைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு, புகை அளவையும் பார்ப்பார்கள். தடுமாறும் இன்ஜினோடு அங்கே போகாதீர்கள். பழுது சரியாகும்வரை ஓட்டியே ஆக வேண்டுமென்றால் ஒன்று நினைவிருக்கட்டும்: இன்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கனக்கலாம், பிரேக்கில் ஓரிரு மிதிக்குத்தான் உதவி இருக்கும். விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டுங்கள். விரைவுச்சாலையில் நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகிலுள்ள குறிக்கப்பட்ட கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துச்செல்லும்.

இத்தனையும் பார்த்த பிறகும் பம்ப்தான் என்று மெக்கானிக் சொன்னால், அழுத்தமானியை மாட்டி அளந்து காட்டச் சொல்லுங்கள். இதுபோன்ற பல கார்களில் 40 முதல் 50 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை இருக்க வேண்டும், உங்கள் மாடலுக்கான சரியான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அளவு அதற்குக் கீழே இறங்கினால், அல்லது வேகம் கூட்டும்போது சரிந்தால், அந்த 450 வெள்ளியைக் கொடுக்கலாம்.