கிளை மட்டும் பளிச்சென்று விழுகிறது!

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாடித் தோட்டத்துச் செம்பருத்திக்குத் தேன்சிட்டு வருகிறது. கேமராவைத் தூக்கினால் பறந்துவிடுகிறது. தப்பித்தவறி எடுத்த படங்களில் இலையும் கிளையும்தான் தெளிவு. என் 70–300 லென்ஸ் போதாதோ?
– வாசகி, தென்காசி

பதில்: தாராளமாகப் போதும். 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் இலை இன்னும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். ஃபோகஸ் பகுதியை ஆட்டோவில் விட்டிருப்பீர்கள். கேமரா பெரும்பாலும் தனக்குப் பக்கத்தில் இருப்பதையே பிடிக்கும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அதைச் சிட்டின் கண்ணில் வையுங்கள். கூடவே தொடர் ஃபோகஸ்; சிட்டு நகர நகர ஃபோகஸும் பின்தொடரும். ஷட்டர் 1/2000 நொடி, அதற்காக ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 வரை ஏறினாலும் பரவாயில்லை. ஐஎஸ்ஓ ஏறிப் பொடிப்பொடியாகப் புள்ளி தட்டிய படத்தைத் தேற்றிவிடலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

எங்கே குறி வைப்பது? பூவின் வாயை அல்ல. செம்பருத்தியில் தேன்சிட்டு முன்வாசல் வழியாகப் போவது குறைவு. அடிப்பக்கத்தில், புல்லிவட்டத்தை ஒட்டித் துளை போட்டுத் தேனைத் திருடும். ஆகவே பூவின் பக்கவாட்டில், காலை வெயில் உங்கள் முதுகில் படும்படி உட்காருங்கள். சிட்டு விரட்டப்படுவது கேமராவால் அல்ல, மேலே எழும் கையால். ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டிக் கைப்பிடிச் சுவரில் போட்டு, கேமராவை அதன்மேல் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். வந்த பூவுக்கே சுற்றிச் சுற்றி வரும். ஆறரையிலிருந்து எட்டரை வரை பாருங்கள். அதன்பின் வெயில் ஏறினால் இறகின் மினுமினுப்பு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். சைலன்ட் ஷட்டர் நல்லதுதான், ஆனால் சிட்டு உட்கார்ந்திருக்கும்போது மட்டும். பல கேமராக்களில் அடிக்கும் சிறகு அதில் கோணலாக விழும்.

கேள்வி: ஜன்னல் கொசுவலை வழியாக எடுத்தால் எல்லாம் பனிமூட்டமாக இருக்கிறதே?
– வாசகர், மதுரை

பதில்: லென்ஸை வலையோடு ஒட்டிவையுங்கள், அபர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) முழுதாகத் திறங்கள், வலைமேல் வெயில் விழாத ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் கொஞ்சம் மங்கும். வலையைக் கழற்ற முடிந்தால் கழற்றுவதே மேல்.

கேள்வி: எருமைமேல் உட்கார்ந்த உண்ணிக்கொக்கு, சலவைக்குப் போட்ட கைக்குட்டை மாதிரி வெறும் வெள்ளையாக வருகிறது.
– வாசகர், திருவாரூர்

பதில்: கேமரா ஒளியை அளந்தது எருமையை வைத்து. 'இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. எக்ஸ்போஷர் திருத்தத்தை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) மைனஸ் 1 வையுங்கள். எருமை இன்னும் கறுக்கும், அது கோபித்துக்கொள்ளாது. வெளுத்து அழிந்த இறகு திரும்பி வராது, நிழலை ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பில்) ஓரளவு மீட்கலாம். வானத்தைப் பின்னால் வைத்துக் கரிச்சானை எடுக்கும்போது தலைகீழ்: பிளஸ் 1 முதல் ஒன்றரை வரை.

கேள்வி: பறக்கும் படம் எடுக்கப்போனால் வால் மட்டும், இல்லையென்றால் வெறும் கம்பி!
– வாசகி, ஈரோடு

பதில்: பஞ்சுருட்டானில் தொடங்குங்கள். பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய கம்பிக்கே திரும்பும், அதனால் கிளம்புவதை விட்டாலும் இறங்குவதைப் பிடிக்கலாம். பறவைகள் காற்றை எதிர்த்தே ஏறும், இறங்கும். காற்று உங்கள் முதுகில் அடிக்கும்படி நின்றால் முகம் கிடைக்கும், காற்று உங்கள் முகத்தில் அடித்தால் வால்தான். கிளம்பும் அறிகுறி: உடம்பு முன்னால் சாயும், பல பறவைகள் எச்சமும் போடும். எச்சம் விழுந்ததும் பட்டனை அழுத்துங்கள். சட்டகத்தில் பறவைக்கு முன்னால் பாதி இடம் காலியாக விடுங்கள்.

கேள்வி: தையல்சிட்டின் குரலை மொபைலில் போட்டுக் கூப்பிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். எதிரி நுழைந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு உங்கள் மொபைலைத் தேடி அலையும். கூட்டுக்குப் பக்கத்திலும் போகாதீர்கள். நீங்கள் எட்டிப் பார்ப்பதைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: தேன்சிட்டு ஒன்று தினமும் என் பைக் கண்ணாடியைக் கொத்துகிறது. நல்ல படம் கிடைக்கும் போலிருக்கிறதே?
– வாசகர், சேலம்

பதில்: கிடைக்கும். ஆனால் அது தன் பிம்பத்தை வேறொரு ஆண் என்று நினைத்துச் சண்டை போடுகிறது. கண்ணாடி தோற்பதில்லை என்பதால் சண்டையும் முடிவதில்லை. இரண்டு படம் எடுத்துக்கொண்டு கண்ணாடிக்குப் பழைய சாக்ஸை மாட்டிவிடுங்கள். வண்டியை எடுக்கும்போது கழற்ற மறக்காதீர்கள்.