அடுத்தடுத்த இரண்டு கட்டில்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் ஒன்பது வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருக்கிறது.

அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு குழந்தைகள். இருவருக்கும் ஆறு வயது, ஒரே ரத்தப் புற்றுநோய், ஒரே மருந்து. பெண் குழந்தைக்கு நோய் அடங்கியது, வீட்டுக்கு அனுப்பினோம். கிளம்பும்போது அவள் பாட்டி கைகூப்பி, "கடவுள் கண்ணைத் திறந்துட்டார், எங்க பிள்ளையைக் காப்பாத்திட்டார்" என்று சத்தமாகச் சொல்லி அழுதார். பக்கத்துக் கட்டில் பையன் நான்கு நாள் முன்னால்தான் இறந்திருந்தான். அவன் அம்மா ஏதோ காகிதம் வாங்க வந்தவர், அங்கேயே நின்று அதைக் கேட்டார். பிறகு என்னிடம், "அப்போ என் பிள்ளைக்கு மட்டும் ஏன் சிஸ்டர் கண்ணைத் திறக்கல?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

கடவுள் தலையிடுவார் என்றால் அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்? தலையிடவே மாட்டார் என்றால் நாம் எதற்குக் கும்பிட வேண்டும்? தீமைக்கு மனிதன்தான் பொறுப்பு என்று நீங்கள் முன்பு எழுதியிருக்கிறீர்கள். ஒரு குழந்தையின் ரத்த அணு கெட்டுப்போனதற்கு எந்த மனிதன் பொறுப்பு? டியூட்டிக்கு முன்னால் ஒரு நிமிடம் கண்மூடி நிற்பேன். இப்போது அதுவும் முடியவில்லை.

இதோடு சம்பந்தமில்லாத இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. நன்றாகத் தேறிக்கொண்டிருந்த வேறொரு பையன், நான்காம் மாதத்துக்குப் பிறகு சிகிச்சைக்கு வரவே இல்லை. இரண்டு முறை போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. அவன் முகமும் அடிக்கடி வருகிறது.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பாட்டியின் மேல் எனக்கு வருத்தமில்லை. உயிர் திரும்பி வந்த வீட்டில் யாருக்காவது நன்றி சொல்லியே ஆக வேண்டும் போலிருக்கும். ஆனால் அவர் சொன்னது நன்றியோடு நிற்கவில்லை. கடவுள் ஒரு கட்டிலைப் பார்த்தார், மறு கட்டிலைப் பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தமாகிவிடுகிறது. பக்கத்தில் நின்றவர் அதைத்தான் கேட்டார். அந்தத் தாயின் கேள்வியில் தவறே இல்லை. அதை அடக்கி அவரைச் சமாதானப்படுத்த யாருக்கும் உரிமையும் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் புறநானூற்றின் 194ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. பக்குடுக்கை நன்கணியார் பாடியது. "ஓரில் நெய்தல் கறங்க, ஓரில் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப" என்று தொடங்குகிறது. ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மங்கல முழவு. ஒரு பெண் பூச்சூடுகிறாள், இன்னொருத்தியின் கண்ணில் நீர் வடிகிறது. இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவனை அவர் "படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்" என்கிறார். பண்பில்லாதவன். தமிழின் மிகப் பழைய பாடல்களில் ஒன்று, படைத்தவனைப் பார்த்து இவ்வளவு நேராகச் சொல்கிறது. அது கண்டது உங்கள் வார்டில் இருந்த அதே இரண்டு கட்டில்களைத்தான்.

கணியன் பூங்குன்றனாரின் "தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்ற வரியை இப்படிப்பட்ட இடங்களில் எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஒருவன் தன் வாழ்க்கையை நோக்கித் தனக்கே சொல்லிக்கொள்ளும்போது அது பெரிய வரி. பிள்ளையை இழந்தவள் முகத்துக்கு நேரே நீட்டினால் கொடுமை. முன்வினை, சோதனை, ஏதோ ஒரு பெரிய திட்டம் என்ற எல்லா விளக்கங்களையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். படுகிறவர் தானாகச் சொன்னால் தலைவணங்கிக் கேட்பேன். வெளியே நிற்பவர் சொன்னால், தன் நிம்மதி கலையாமல் இருக்கச் சொல்கிறார் என்றே நினைப்பேன்.

இதை எனக்குத் தெரிந்த ஓர் ஆளை வைத்துச் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான். என் அப்பா இரண்டு நாளாக நெஞ்சு எரிகிறது என்றார். வாயுவாக இருக்கும் என்றேன். அந்த வாரம் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் அவர் போய்விட்டார். வந்தவர்களிடமெல்லாம், "ஆண்டவன் கூப்பிட்டுக்கிட்டான்" என்றேன். பதினோரு வருடம் கழித்து என் தங்கையிடம் முதல்முறையாக, "நான் அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்று சொல்ல முடிந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பதினோரு வருடமும் நான் கடவுளை நம்பவில்லை, கடவுளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். தலையிடாத கடவுளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தப் பயம் உண்டு. நம்முடைய கணக்கை அவர் பேரில் எழுதிவிடுகிறோமோ என்று.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தடுக்க முடிந்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்ட மிகப் பெரிய தாய் காந்தாரி. போர் முடிந்த களத்தில் நூறு பிள்ளைகளின் உடல்களுக்கு நடுவே நின்று கண்ணனிடம் அவள் கேட்டது அதைத்தான்: உன்னிடம் வலிமை இருந்தது, ஆள் இருந்தது, பேச்சு இருந்தது, இருந்தும் அழியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாயே? அவள் சபிக்கிறாள். அவன் மறுக்காமல் அந்தச் சாபத்தை ஏற்றுக்கொள்கிறான். கடவுளைக் குற்றவாளியாக நிறுத்திய ஒரு தாயைப் பாரதம் கண்டிக்கவில்லை, அவள் சொல் பலிக்கிறது. அப்புறம் அசுவமேத பர்வத்தில் உதங்கர் என்ற முனிவர் அதே கேள்வியோடு வந்து, சபிக்கத் தயாராகிறார். அங்கே கண்ணன் சொல்லும் பதிலை நான் பல முறை படித்திருக்கிறேன். மனிதனாகப் பிறந்திருக்கும்போது மனிதனாகத்தான் நடந்தாக வேண்டும், நான் அவர்களிடம் மன்றாடினேன், அவர்கள் கேட்கவில்லை என்கிறான். மன்றாடுகிற கடவுள்! கையைப் பிடித்து நிறுத்தாமல், நம் மனத்தில் வந்து கெஞ்சிவிட்டு, நாம் கேட்காதபோது தோற்றுப்போகிறவர். எனக்கு நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் அது இந்தக் கடவுளிடம்தான்.

ஆனால் இது மனிதர் செய்யும் தீமைக்குத்தான் பதில். துரியோதனனிடம் மன்றாடலாம், எலும்பு மஜ்ஜையிடம் யார் மன்றாடுவது? நீங்கள் கேட்டதே அதுதான்.

ஒரு குழந்தையின் மஜ்ஜை நாள்தோறும் பல்லாயிரம் கோடி ரத்த அணுக்களைப் புதிதாகச் செய்கிறது. பிரிந்து பிரிந்து பெருகும் அந்த வேலையால்தான் குழந்தை வளர்கிறது. அதே வேலையில்தான் என்றோ ஓர் அணு பிழையாகப் படியெடுக்கப்பட்டு, முதிராத வெள்ளணுக்களாகப் பெருகத் தொடங்குகிறது. பெரும்பாலான குழந்தைகளில் இதற்கு யாருடைய செயலும் காரணமில்லை. பெற்றோர் செய்த எதுவும், செய்யாமல் விட்ட எதுவும் காரணமில்லை. இதை அந்தத் தாயிடம் யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா? சொல்லாவிட்டால் தயவுசெய்து நீங்கள் சொல்லுங்கள்.

அந்த ஒரு அணுவை மட்டும் கடவுள் திருத்தியிருக்கலாமே என்றால், எனக்குத் தெரிந்தவரை ஒன்று சொல்ல முடியும். எறிந்த கல் எறிந்தவன் மனத்தைப் பார்த்துவிட்டு விழலாமா வேண்டாமா என்று முடிவுசெய்கிற உலகத்தில் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. மருந்து நேற்று வேலை செய்தது போல இன்றும் செய்யும் என்று நம்ப முடியாது. நீங்கள் மில்லிகிராம் கணக்குப் பார்த்து ஊசி ஏற்றுவதற்கே அர்த்தமிருக்காது. இயற்கை யாருக்காகவும் வளையாமல் இருப்பதால்தான் மருத்துவம் என்ற ஒன்று இருக்க முடிகிறது. இது அந்தத் தாய்க்குப் பதிலாகாது என்று எனக்குத் தெரியும். நமக்கு, அதாவது உயிரோடு நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, இது கொஞ்சம் தரையைக் காட்டுகிறது.

நீங்கள் ஏற்றும் வின்கிரிஸ்டின் என்ற மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. 1950களில் கனடாவில் சிலர் அதன் இலைச்சாறு நீரிழிவுக்கு உதவுமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அந்த வழியில் போய்க் கிடைத்த மருந்துகளில் ஒன்று இது. பார், கடவுள் முன்பே மருந்தை வைத்திருக்கிறார் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அது இனிக்கவில்லை. அந்தப் பூ எத்தனையோ நூற்றாண்டுகளாகப் பூத்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே எத்தனை குழந்தைகள் இந்த நோயில் இறந்தார்கள்! யாரும் வந்து காதில் சொல்லவில்லை. தேட வேண்டியிருந்தது.

தேடியவர்களில் ஒருவர் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர். அன்று இந்த நோய் வந்த குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடும், மருத்துவர்களால் செய்ய ஒன்றும் இல்லை. 1948இல் அவர் வெளியிட்ட ஆய்வில் வேறொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தது 16 குழந்தைகளுக்கு. பத்துப் பேருக்கு நோய் கொஞ்ச காலம் பின்வாங்கியது. கொஞ்ச காலம்தான், மறுபடியும் வந்தது. அங்கிருந்து ஒவ்வொரு மருந்தாகச் சேர்த்து இன்று, குழந்தைகளுக்கு அதிகம் வரும் அந்த ரத்தப் புற்றுநோயில், வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

நீங்கள் கேட்ட 'எந்த மனிதன் பொறுப்பு' என்ற கேள்வி எனக்கு இங்கேதான் திரும்பி வருகிறது. உலகத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதன்படி, பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 சதவீதத்துக்கும் கீழே. நோய் ஒன்றுதான், அணு ஒன்றுதான், வேண்டுதலும் ஒன்றுதான். இந்த ஐம்பது சதவீத இடைவெளியைக் கடவுள் உண்டாக்கவில்லை. தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம், வேறு நோய் என்று தவறாக நினைக்கிறோம், மருந்து கிடைப்பதில்லை, இரண்டு மூன்று வருடம் நீளும் சிகிச்சையைப் பணமும் தூரமும் பாதியில் முறித்துவிடுகின்றன. முதல் அணு கெட்டதற்கு யாரும் பொறுப்பில்லை. அதற்கு அடுத்து நடக்கும் ஒவ்வொன்றிலும் மனிதக் கை இருக்கிறது.

"இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்" என்ற குறளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். பிள்ளையின் மருந்துக்காக ஒருவர் கையேந்தி நிற்பதைப் பார்க்கும்போது அந்தக் கோபம் முழுதாகப் புரிகிறது. ஆனால் வள்ளுவர் படைத்தவனைச் சபித்ததோடு விட்டுவிடவில்லை. இரந்து நிற்கிறவனுக்கு நாம் செய்ய வேண்டியதை ஈகை என்றும் ஒப்புரவு என்றும் அதிகாரம் அதிகாரமாக எழுதிவைத்திருக்கிறார்.

நன்கணியாரின் பாட்டு "இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே" என்று முடிகிறது. இந்தக் கடைசி வரி எனக்கு வெகுநாள் பிடிக்காமல் இருந்தது. அவ்வளவு கோபப்பட்டுவிட்டுக் கடைசியில் ஆறுதல் சொல்லிவிட்டாரே என்று. இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். உலகத்தின் இயல்பை உணர்ந்தவர்கள், அது எப்படி வேலை செய்கிறது என்று அறிந்தவர்கள், இனியதைத் தேடிக் காணட்டும் என்று. உரைகாரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ, இலைச்சாற்றை எலிக்குக் கொடுத்துப் பார்த்தவர்களை நினைத்தால் எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

இத்தனைக்குப் பிறகும் அந்தப் பையன் மிச்சமிருக்கிறான். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவனுக்கு எல்லாமே கிடைத்திருக்கிறது, அடுத்த கட்டிலுக்குக் கிடைத்த அதே மருந்து, அதே கைகள். யாரும் தவறவில்லை, அவன் இறந்துவிட்டான். இங்கே என்னிடம் பதில் இல்லை. இயற்கையின் விதி என்பதும் அவன் விஷயத்தில் பதிலாகாது. உலகம் எதற்கு இப்படி இயங்க வேண்டும் என்பதற்கு அது காரணம் சொல்லலாம், அவன் ஏன் என்பதற்குச் சொல்லாது. அந்த இடத்தை ஏதாவது தத்துவம் போட்டு மூட எனக்கு மனமில்லை. அது திறந்தே கிடக்கட்டும். அந்தத் தாய் மறுபடி கேட்டால், "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

கும்பிடுவது பற்றிக் கேட்டீர்கள். நான் இப்போதும் கும்பிடுகிறேன். இதைத் தடு, அதைக் கொடு என்று கேட்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. உதங்கரிடம் கண்ணன் சொன்னது உண்மையென்றால் மன்றாடுவது அவர், கேட்க வேண்டியது நான். காலையில் கொஞ்ச நேரம் அதற்காக உட்காருகிறேன், அப்பா விஷயத்தில் கேட்கத் தவறியது போல மறுபடி தவறிவிடக் கூடாது என்று. உங்களுக்கு இப்போது அதுவும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கோபத்தோடு நின்ற காந்தாரியையும் உதங்கரையும் கண்ணன் விரட்டவில்லை.

சம்பந்தமில்லாதது என்று நீங்கள் சொன்ன அந்த இன்னொரு பையனுக்கு வருகிறேன். தேறிக்கொண்டிருந்தவன், நான்காம் மாதத்தோடு நின்றவன். இரண்டு முறை கூப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எண் மாறியிருக்கலாம், பணம் தீர்ந்திருக்கலாம், நடுவில் நிறுத்தியதற்குத் திட்டுவார்கள் என்ற பயத்தில் எடுக்காமல் இருக்கலாம். சேர்க்கைப் படிவத்தில் உறவினர் எண் ஒன்று எழுதி வாங்கியிருப்பீர்கள், அதையும் பாருங்கள். பணம்தான் தடை என்றால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து கேட்க எனக்குச் சிலர் இருக்கிறார்கள். மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருந்தால் இன்றே அவரிடம் சொல்லுங்கள். அவருக்காகக் காத்திருக்காமல், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்த எண்ணுக்கு மூன்றாம் முறை கூப்பிடுங்கள்.

அன்புடன்.